ஒரு 'வாங்க' பாக்கி

முதலில் தப்புச் செய்தது தவசிலிங்கம்தான். என் தங்கை பவளக்கொடியின் புருஷன், எனக்கு மாப்பிள்ளை முறை. இதை நான் யாரிடமும் மாற்றிச் சொன்னதில்லை, நாளைக்குப் படுக்கையில் கிடக்கும்போது வந்து கேட்டாலும் இதையேதான் சொல்வேன். புது வீடு கட்டிக் குடிபோன அன்று, வாழைமரம் கட்டிய கேட்டுக்கு முன்னால் பிறந்த வீட்டுச் சீரோடு நான் நிற்கிறேன், சந்தனக் கிண்ணத்தோடு அவர் நிற்கிறார், எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு முழம் காற்றுதான் இருக்கிறது, அந்த மனிதர் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து, பின்னால் ஜீப்பில் வந்து இறங்கிய சொசைட்டித் தலைவரை "வாங்க வாங்க" என்கிறார். எனக்கு இல்லை. எனக்கு ஒரு வார்த்தை இல்லை. மச்சான் என்று கூப்பிட வேண்டாம், தலையையாவது ஆட்டலாம், அதுவும் இல்லை. சேலத்திலிருந்து ராத்திரி பூராவும் லாரியை ஓட்டி, லோடு இறக்கி, குளிக்க நேரமில்லாமல் அதே காக்கிச் சட்டையோடு வந்த ஆள் நான். கிரீஸ் கறை இருந்திருக்கும், வேர்வை நாற்றமும் இருந்திருக்கும், ஆனால் தங்கைக்கு வாங்கிய குத்துவிளக்கு இரண்டும் பளபளவென்றுதான் இருந்தன. சீர்த்தட்டை அவள் கையில் கொடுத்துவிட்டுத் தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்பினேன். வாங்க என்று சொல்லாத வீட்டில் தண்ணீர் குடிப்பவன் தாகத்துக்குக் குடிக்கவில்லை, மானத்தைக் குடிக்கிறான். இப்போது அதே வீட்டுக்குத்தான் பஸ்ஸில் போய்க்கொண்டிருக்கிறேன். போகிறேன் என்றால், கேட்டு வரைக்கும்.

"உசிலம்பட்டி! தாத்தா, உசிலம்பட்டி வந்துருச்சு, எழுதியிருக்கு பாருங்க," என்கிறாள் மகிழினி. ஜன்னல் கம்பியில் மூக்கை வைத்துக்கொண்டு மதுரை ஆரப்பாளையத்திலிருந்து ஒரு போர்டு விடாமல் வாசித்துவருகிறாள், டீக்கடை, உரக்கடை, கண் ஆஸ்பத்திரி, முன்னால் போகிற லாரியின் பின்பக்கம் எழுதியிருப்பது எல்லாம். கண்டக்டர் வந்து, "பெரியவரே, பேத்தியை எங்கிட்டயே விட்டுட்டுப் போங்க, ஸ்டாப்பு சொல்ற வேலை எனக்கு மிச்சம்," என்கிறான். "அது கலெக்டராப் போற பிள்ளை, உன் பஸ்ஸுக்கு வராது," என்றேன். முன்சீட்டுக்காரர்கள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். சிரிக்கட்டும். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன், எழுத்துக் கூட்டி வாசிப்பதற்குள் லாரி அடுத்த ஊருக்குப் போய்விடும், அதனால் ஊர்களை எழுத்தால் அறிந்ததில்லை, புளியமரத்தால், வளைவால், வாசத்தால் அறிந்தேன். உசிலம்பட்டி எனக்கு ஒரு வேகத்தடையும் பூ மார்க்கெட் வாசமும்தான். இவளுக்கு அது ஏழு எழுத்து. என் இரத்தத்தில் இப்படி ஒன்று ஓடுகிறது, பாருங்கள். மடியில் துருவன், இவளுக்கு இளையவன், வாயில் பிஸ்கட்டோடு தூங்குகிறான், அவன் உச்சந்தலை என் தாடையில் இடித்து இடித்துச் சூடாக இருக்கிறது. இரண்டையும் பத்து நாள் பவளக்கொடி வீட்டில் விட்டுவர வேண்டும். என் மகள் அமுதாவுக்கு ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை, லீவு கிடைக்காது, மருமகன் துபாயில். "லீவு விட்டா பிள்ளைங்க செல்போனையே நோண்டிக்கிட்டுக் கெடக்குதுகப்பா. சொந்தம்னா யாரு, எவருன்னு தெரிய வேணாமா? அத்தை வீட்டுல தோட்டம் இருக்கு, காத்து இருக்கு. நீங்க கொண்டுபோய் விட்டாப் போதும். உள்ள போறதும் போகாததும் உங்க இஷ்டம்," என்றாள். உங்க இஷ்டம் என்று சொல்லும்போது அவள் என்னைப் பார்க்கவில்லை, டிபன் பாக்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் ஒரு கணக்கு இருக்கிறது என்னிடம். அந்தப் புது வீட்டு விசேஷத்தன்று பத்தாவது படிக்கிற பிள்ளை, விருந்துப் பந்தலுக்குப் பக்கத்தில் வரைக்கும் போனவளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன், தேனியில் பரோட்டா வாங்கிக் கொடுத்தேன். "அந்தப் பருப்புப் பாயசத்து வாசம் மூக்குலயே நிக்குதுப்பா," என்றாள் பரோட்டாவைப் பிய்த்துக்கொண்டே. சொன்னாளே தவிர அழவில்லை. என் பிள்ளை. அழாது.

என் வீட்டுக்காரி முத்துராக்கு இருந்தவரைக்கும் இதையே திருப்பித் திருப்பிப் பேசுவாள். "மைக் செட்டு போட்ட போட்டுல உங்க காதுல விழுந்திருக்காது. அவரு சொல்லியிருப்பாரு." சொல்லியிருப்பாராம். ஓடுகிற எஞ்சின் சத்தத்தில் எந்த நட்டு தளர்ந்திருக்கிறது என்று கேட்ட காது இது, மச்சான் என்ற ஒரு சொல் விழாமலா போகும்? சரி, காது ஏமாந்தது என்றே வைத்துக்கொள்வோம், கண்? உதட்டைப் பார்த்தேனே. உதடு அசைந்தது உண்மை, ஆனால் அது எனக்காக அசைந்ததா, ஜீப்புக்காக அசைந்ததா? ஜீப்புக்கு. கண் ஜீப்பில் இருந்தது. கண் போகிற இடத்துக்குத்தான் வண்டி போகும், சொல்லும் அப்படித்தான். அப்புறம் பவளக்கொடி மூலமாக ஒரு பதில் வந்தது, அதுதான் என்னை இத்தனை வருஷம் தூங்கவிடாத பதில். "வீட்டு ஆளுக்கு யாராவது வாங்க சொல்வாங்களா? மச்சான் வேத்தாளா?" என்று கேட்டாராம். கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. லாரி ஓட்டும்போது இதைப் போட்டு உருட்டியிருக்கிறேன், தொப்பூர் இறக்கத்திலும் உருட்டியிருக்கிறேன். வீட்டு ஆள். அப்படியா? வீட்டு ஆள் என்றால் முகூர்த்தக்கால் நடும்போது எங்கே போனது அந்த நினைப்பு? வீட்டு ஆள் என்றால் சாவி எங்கே? வேற்றாளுக்கு வாங்க, சொந்தத்துக்கு வா, இரண்டும் கெட்டவனுக்கு என்ன? மச்சினன் என்கிறவன் வீட்டு ஆளும் இல்லை, வேற்றாளும் இல்லை. அவன் வாசலில் ஒரு சொல்லுக்காக நிற்கிறவன். அந்தச் சொல் கிடைத்தால்தான் அவன் தங்கைக்கு அந்த வீட்டில் தலை நிமிர்ந்த நடமாட்டம். முத்துராக்கு இதைக் கேட்டால் சிரிப்பாள். "உங்களுக்கு வேணுங்கிறதைக் கேட்டுத்தான் வாங்கிக்கங்களேன்," என்பாள். கேட்டு வாங்குகிற 'வாங்க' வாங்கவா ஆகும்? அது பிச்சை.

அவர் ஒரு தடவை என் வீட்டுக்கு வந்தார். முத்துராக்கு போன அன்று. சாவு வீட்டில் வந்தவரை வாங்க என்று சொல்லக் கூடாது, போகிறவரும் போயிட்டு வர்றேன் என்று சொல்லக் கூடாது, அது எல்லாருக்கும் தெரிந்த வழக்கம். அவர் வந்தார், துண்டை இடுப்பில் கட்டினார், என் இரண்டு கையையும் பிடித்தார். பிடித்த பிடி இறுக்கமாக இருந்தது, உள்ளங்கை சொரசொரவென்று இருந்தது, கொத்தவரங்காய்க்குத் தண்ணீர் கட்டிய கை. நானும் வாயைத் திறக்கவில்லை, அவரும் திறக்கவில்லை. மாலைவரை கொட்டகையில் உட்கார்ந்திருந்தார், பாடையில் ஒரு பக்கம் தோள் கொடுத்தார், சொல்லாமல் எழுந்து போனார். அதோடு சரியாகிவிட்டது என்று ஊரில் சொன்னார்கள். எப்படிச் சரியாகும்? யாரும் யாருக்கும் சொல்லக் கூடாத இடத்தில் சொல்லாமல் இருந்ததை எந்தக் கணக்கில் வைப்பது? கொட்டுச் சத்தத்துக்கு நடுவிலும் நான் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன், இந்த மனிதருக்கு எவ்வளவு வாய்ப்பான இடம் பார், வாயைத் திறக்காமலே முறை செய்துவிட்டுப் போகலாம் என்று. முத்துராக்கு எழுந்து உட்கார்ந்து, "இப்பவுமா?" என்று கேட்டிருப்பாள். இப்போதும்தான். ஆனால் தோள் கொடுத்ததை மறக்கவில்லை. அது வேறு, இது வேறு.

கணவாய் ஏற்றம். டிரைவர் சின்னப் பையன், கியரைப் பிந்திப் போடுகிறான், என் இடது கை தானாக அசைகிறது, கால் தானாக அழுத்துகிறது. இந்த மலையில் முப்பது வருஷம் போய்வந்திருக்கிறேன், ஒரு கோழிக்குஞ்சு என் டயரில் சாகவில்லை. அதை எந்த வாசலிலும் தலை நிமிர்ந்து சொல்வேன். மூன்றாவது வளைவில் துருவன் முழித்தான், முகம் ஒரு மாதிரி போனது, எனக்குப் புரிந்து ஜன்னல் பக்கம் திருப்புவதற்குள் என் வேட்டி பூராவும் வாந்தி. பிஸ்கட்டும் பாலும். கஞ்சி போட்டுத் தேய்த்த வேட்டி, நேற்றைக்கு நானே நின்று இஸ்திரி போடச் சொன்னது, தவசிலிங்கம் பார்க்க வேண்டும் என்பதற்காகவே எடுத்துவைத்தது. பிள்ளை பயந்துபோய் என்னைப் பார்க்கிறது. "ஒண்ணுமில்லடா ராசா, மலை ஏறுனா லாரியே கக்கும், நீ என்ன," என்றேன். "நெசமாவா தாத்தா?" "ரேடியேட்டர்ல இருந்து புஸ்ஸுனு கக்கும்." அவன் சிரித்துவிட்டான். மகிழினி தன் தண்ணீர் பாட்டிலைத் திறந்து, கேட்காமலே என் கைக்குட்டையை நனைத்து, தம்பி வாயைத் துடைத்துவிட்டு அப்புறம் என் வேட்டியைத் துடைக்கிறாள். இந்த வயதில் இந்தப் பக்குவம். யாருக்கு வரும்? ஆனால் உள்ளே ஒரு பயம் ஓடுகிறது, அன்றைக்குக் கிரீஸ், இன்றைக்கு இது, அந்தக் கேட்டுக்கு முன்னால் சுத்தமாக நிற்கிற கொடுப்பினை எனக்கு இல்லையோ என்று. அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருக்கிறது. இந்தப் பிள்ளைகள் பார்க்கும். தாத்தா வாசலில் நிற்பதை, தாத்தாவை யாரும் கூப்பிடாததை இந்தப் பிள்ளை பார்க்கும். எல்லாப் போர்டையும் வாசிக்கிற பிள்ளை அதையும் வாசித்துவிடும். என்னைப் பற்றி இதற்கு இருக்கிற எண்ணத்தில் ஒரு கீறல் விழும். அதற்காகவாவது அந்த மனிதர் ஒரு சொல் சொல்ல வேண்டும். அதற்காக, நானே மானம் விட்டு இறங்கிப் போய்விடவும் கூடாது. இரண்டும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டே வருகின்றன, பஸ் ஆண்டிபட்டி தாண்டி, தேனி தாண்டி, பச்சை வயலுக்குள் நுழைகிறது, குளிர்ந்த காற்று முகத்தில் அடிக்கிறது, மகிழினி வாசிக்கிறாள், வீரபாண்டி, சின்னமனூர், உத்தமபாளையம். தேனியில் பஸ் நின்றபோதே ஸ்டாண்டுக் குழாயில் வேட்டியை அலசி, கறை உள்மடிப்பில் போகிற மாதிரி மாற்றிக் கட்டிக்கொண்டேன். வெளியே தெரியாது. தெரிந்தாலும் என் பேரன் எடுத்த வாந்தி, எவனுக்குப் பதில் சொல்ல வேண்டும்?

கம்பத்துக்கு முந்தின நிறுத்தத்தில் இறங்கி, திராட்சைப் பந்தல்களுக்கு ஊடாக நடக்கிறோம். பந்தலுக்குள் கறுப்புக் கறுப்பாகக் குலைகள், துருவன் ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்க்கப் போகிறான். "தாத்தா, நீங்களும் எங்ககூடத் தங்குவீங்களா?" என்கிறாள் மகிழினி. "எனக்கு வேலை இருக்கு தாயி." "உங்களுக்குத்தான் வேலையே இல்லையே, அம்மா சொன்னாங்களே." கலெக்டராகப் போகிற பிள்ளையிடம் பொய் நிற்காது. வீடு தெரிகிறது. மஞ்சள் பெயிண்டு வெளுத்துவிட்டது, நான் பார்த்தபோது புதுசு. கேட்டுக்கு உள்ளே, வேப்பமரத்து நிழலில், நாற்காலியில் தவசிலிங்கம். கண் ஆப்பரேஷன் செய்தார்கள் என்று பவளக்கொடி போனில் சொன்னாள், ஆனால் இந்தக் கறுப்புக் கண்ணாடியை நான் நினைத்துப் பார்க்கவில்லை. கண் ஓரத்தையும் மறைத்துக்கொண்டு இரண்டு பக்கமும் மூடிய கண்ணாடி. ஆள் மெலிந்துவிட்டார். கேட்டுக் கொண்டி சத்தம் கேட்டதும் எழுந்து நிற்கிறார், நாற்காலியைப் பிடித்துக்கொண்டு. நான் கேட்டுக்கு வெளியே, பிள்ளைகள் எனக்கு முன்னால், இப்போது, இப்போது, அவர் வாயைத் திறக்கிறார், "வாங்க வாங்க," என்கிறார்.

வாங்க வாங்க. நான் நிற்கிறேன். யாரை? பிள்ளைகள் இரண்டு பேர், ஒருத்தி என்றால் வா, இரண்டு பேர் என்றால் வாங்க, தமிழில் அப்படித்தான். மரியாதைக்கும் வாங்க, கூட்டத்துக்கும் வாங்க, இந்தச் சொல்லுக்குள் இப்படி ஒரு பொந்து இருக்கிறது என்று எனக்கு இவ்வளவு நாள் தோன்றியதில்லை. கண் எங்கே இருக்கிறது என்று பார்க்கலாம் என்றால் கண்ணாடி. இரண்டு தடவை சொன்னார், ஒன்று பிள்ளைகளுக்கு, மற்றது? இல்லை, எல்லாரும் எப்போதும் இரண்டு தடவைதான் சொல்கிறார்கள், அன்றைக்கு ஜீப்புக்கும் இரண்டு தடவைதான். மச்சான் என்ற சொல் கடைசியில் வந்திருந்தால் பிரச்சினையே இல்லை. வரவில்லை. "தாத்தா, அவங்க வாங்கன்னு சொல்லிட்டாங்க. வாங்க தாத்தா, போகலாம்," என்கிறாள் மகிழினி, அவள் வாயில் அது எவ்வளவு சுலபமாக வருகிறது. "உங்களைச் சொல்றாரு தாயி. தம்பியைக் கூட்டிக்கிட்டு உள்ள போ." அதற்குள் பவளக்கொடி ஓடிவருகிறாள், கையில் மாவு, முடி எல்லாம் நரைத்துவிட்டது என் தங்கைக்கு, "அண்ணே, என்னண்ணே அங்கிட்டே நிக்கிறே, வாண்ணே!" என்கிறாள். அவள் சொன்னால் கணக்கில்லை, அவள் என் இரத்தம், அவளும் நானும் ஒரு பக்கம். தவசிலிங்கம் அவள் பக்கம் திரும்பி, "எல்லாரையும்தான் சொன்னேன்னு சொல்லு," என்றார்.

"எல்லாருன்னா யாரு யாருன்னு கேளு பவளம்," என்றேன் நான்.

"ஐயோ, நடுவுல நான் என்ன போஸ்ட்மேனா? நேரா நேரா பேசுங்களேன் ரெண்டு பேரும்!"

தவசிலிங்கம் சிரித்தார். சிரித்தபோது அந்தக் கண்ணாடி மூக்கில் இறங்கியது, அதைத் தூக்கிவிட்டுக்கொண்டார். "ஏண்டி, உங்கண்ணன் வண்டிக்கு ரிவர்ஸ் கியரே கெடையாதா?"

"இருக்கு," என்றேன். "இந்தா, போடுறேன், பாத்துக்கங்க." சொல்லிவிட்டு ஒரு எட்டு பின்னால் வைத்தேன். அவருடைய சிரிப்பு நின்றுவிட்டது. துருவன் ஓடிவந்து என் விரலைப் பிடித்துக்கொண்டு, "தாத்தா வரணும், தாத்தாவும் வரணும்," என்று இழுக்கிறான், அந்தச் சின்னக் கை எவ்வளவு பலமாக இழுக்கிறது, என் செருப்பு கேட்டுத் தண்டவாளத்தில் தட்டுகிறது, இன்னும் ஒரு சாண், பிள்ளை இழுத்தது என்று சொல்லிக்கொண்டு போய்விடலாம், யார் கேட்கப் போகிறார்கள், தொண்டை காய்ந்து கிடக்கிறது, பவளக்கொடி அதற்குள் தண்ணீர்ச் செம்பை எடுத்துவந்து நிற்கிறாள், செம்பின் விளிம்பில் தண்ணீர் தளும்புகிறது. தவசிலிங்கம் நாற்காலியை விட்டு இரண்டு எட்டு வைத்து வந்தார். உதடு அசைந்தது. பந்தல் இலையெல்லாம் காற்றில் சளசளக்கிறது, அந்தச் சத்தத்தைத் தாண்டி நான் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறேன். "வெயில்ல நிக்காதீங்க," என்றார். நிக்காதீங்க. மரியாதையான பேச்சுதான், பிள்ளைகள் அப்போது கேட்டுக்கு உள்பக்க நிழலில் இருந்தன, வெயிலில் நின்றது நான் ஒருவன்தான், ஆகவே அது எனக்கே எனக்கு. ஆனால் நிற்காதே என்பது வேறு, வா என்பது வேறு. நிற்காதே என்றால் போகவும் செய்யலாம். பவளக்கொடியிடம் செம்பை வாங்கி, கேட்டுக்கு வெளியிலேயே கையைக் கழுவினேன், வேட்டி மடிப்பில் ஒரு கை தெளித்துத் தேய்த்தேன், செம்பைத் திருப்பிக் கொடுத்தேன். குடிக்கவில்லை. என் தங்கை அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள், அவள் கண்ணை மட்டும் நான் பார்க்கவில்லை. துருவன் காதில், "உள்ள ஆட்டுக்குட்டி இருக்குடா," என்றேன், விரலை விட்டுவிட்டு ஓடினான். மகிழினி ஓடவில்லை. கேட்டுக் கம்பியைப் பிடித்தபடி என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "தாத்தா, உங்களுக்கு அவங்க மேல கோவமா?" என்று கேட்டாள். "கோவமில்ல தாயி. அவரு எனக்கு ஒண்ணு தரணும்." "என்னது?" "அவருக்குத் தெரியும்." அவர் காதிலும் விழட்டும் என்றுதான் உரக்கச் சொன்னேன். விழுந்தது. தலையைக் குனிந்துகொண்டார்.

நிறுத்தத்தில் நிழல் இல்லை. புங்கமரம் ஒன்று வெட்டிப்போட்டிருக்கிறது, அதன் மேல் உட்கார்ந்திருக்கிறேன், நாக்கு மேலண்ணத்தில் ஒட்டுகிறது, பெட்டிக்கடைக்காரப் பெண் ஒரு சோடா உடைத்துத் தருகிறாள், "வாங்கய்யா, எந்த ஊரு?" என்கிறாள். ஊர் பேர் தெரியாதவள், எவ்வளவு சுளுவாகச் சொல்கிறாள். என் பிள்ளைகள் நல்ல இடத்தில் இருக்கின்றன, வயிறாரச் சாப்பிடும், பவளக்கொடி கண்ணாகப் பார்ப்பாள், அந்த மனிதரும் பார்ப்பார், அதில் எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை, கெட்டவர் என்று நான் என்றைக்காவது சொன்னேனா? பத்து நாள் மகிழினி அங்கே இருப்பாள், கறுப்புக் கண்ணாடி போட்டவருக்குப் பேப்பர் வாசித்துக் காட்டுவாள், என் பேத்தி வாசிக்கிற அழகைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கட்டும். பஸ் வருகிறது. பிள்ளைகளைத் திரும்பக் கூட்டிப்போக நான்தான் வர வேண்டும், வேறு ஆள் இல்லை. அதற்குள் அவர் கண்ணாடியைக் கழற்றியிருப்பார். பிள்ளைகள் உள்ளே இருக்கும், நான் கேட்டில் நிற்பேன், ஒற்றை ஆள். அன்றைக்கு அவர் வாங்க என்று சொன்னால் அதைப் பங்கு போட்டுக்கொள்ள வெளியே வேறு ஒருவரும் இருக்கமாட்டார்கள்.